ஊர்ப் பணமும் ஊர் அறக்கட்டளையும்: வாசகர் கேள்வி–பதில்

பிறந்த ஊருக்கு ஏதாவது செய்ய வேண்டும், அதை முறையாகச் செய்ய வேண்டும் என்று கேட்டு வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். ஒரு முன்குறிப்பு: 2025ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறை. அதில் பிரிவு எண்களும் படிவ எண்களும் மாறுகின்றன. எல்லோர் வாயிலும் பழகிவிட்ட 12ஏ (அறக்கட்டளையின் வருமானத்துக்கு வரிவிலக்கு தரும் பதிவு), 80ஜி (நன்கொடையாளருக்கு வரிக்கழிவு தரும் பதிவு) போன்ற பழைய எண்களையே இங்கே எழுதியிருக்கிறோம். விண்ணப்பிக்கும் நாளில் எந்தப் படிவம் என்பதை உங்கள் ஆடிட்டரிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

எங்கள் ஊரில் வசதியானவர்கள் பத்துப் பேர் ஆளுக்கொரு டிரஸ்ட் வைக்கப் பார்க்கிறார்கள். ‘கம்யூனிட்டி ஃபவுண்டேஷன்’ என்று ஒன்றாக வைத்தால் நல்லது என்கிறார் ஒரு நண்பர். இரண்டுக்கும் என்ன வேறுபாடு?
– வாசகர், சிவகங்கை மாவட்டம்

குடும்ப டிரஸ்ட்டில் பணம் ஒரு வீட்டினுடையது, முடிவும் அந்த வீட்டினுடையது. கம்யூனிட்டி ஃபவுண்டேஷன் என்பது ஊர் அறக்கட்டளை. ஒரு குறிப்பிட்ட ஊர் அல்லது வட்டாரத்துக்காகப் பலருடைய பணம் ஒரே கூரையின்கீழ் சேர்கிறது. அந்த ஊரைத் தெரிந்த ஒரு குழு, வருடா வருடம் எது தேவை என்று பார்த்துக் கொடுக்கிறது. இன்ன காரியம் மட்டும்தான் என்ற கட்டு அதற்கு இல்லை. எல்லை ஊர்தான்.

இந்த அமைப்பு முதலில் உருவானது அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில், 1914 ஜனவரி 2 அன்று. தொடங்கியவர் ஃபிரெடெரிக் கோஃப் என்ற வழக்கறிஞர். அப்போது ஒரு டிரஸ்ட் வங்கியின் தலைவர். இறந்தவர்கள் உயிலில் எழுதிவைத்த தருமப் பணம், எழுதிய நோக்கம் காலாவதியான பிறகும் வேறு எதற்கும் பயன்படாமல் முடங்கிக் கிடப்பதைப் பார்த்துத்தான் அவர் இதை வகுத்தார். பணம் நிலையாக இருக்கட்டும், அதைச் செலவிடும் காரியத்தை அந்தந்தக் காலத்துக் குழு மாற்றிக்கொள்ளட்டும் என்பது அவர் வைத்த விதி. ஊர் அறக்கட்டளைக்கு உயிர்நாடி இந்த விதிதான். பத்திரம் எழுதும்போது பலர் விட்டுவிடுவதும் இதைத்தான்.

கனடாவின் முதல் ஊர் அறக்கட்டளை 1921இல் வின்னிபெக்கில் அமைந்தது. வில்லியம் அல்லோவே என்ற வங்கியாளர் 1 லட்சம் டாலர் கொடுத்துத் தொடங்கினார். 1924இல் பெயர் சொல்லாத ஒரு பெண் 5 டாலர் தங்கக் காசுகள் மூன்றைக் கொடுத்தார். ‘ஏழை விதவையின் காணிக்கை’ என்று அந்த நன்கொடைக்குப் பெயர். 1 லட்சமும் 15 டாலரும் ஒரே நிதியில், ஒரே கணக்கில். இதைப் பத்துத் தனி டிரஸ்ட்டுகளால் செய்ய முடியாது. பத்து டிரஸ்ட் என்றால் பத்துப் பத்திரம், பத்து பான், பத்து ஆடிட், பத்து ஐடிஆர்-7 (அறக்கட்டளைகளின் வருமான வரிக் கணக்குப் படிவம்). சின்ன டிரஸ்ட்டின் வட்டியில் கணிசமான பங்கு இதற்கே போய்விடும். உங்கள் நண்பர் சொல்வது சரி.

கொடுத்த பணத்தைப் பேங்கில் போட்டு வைத்துக்கொண்டு வட்டியை மட்டும் செலவு செய்கிறார்கள். பிள்ளைகள் இன்றைக்கு ஃபீஸ் கட்ட முடியாமல் இருக்கும்போது இது நியாயமா?
– வாசகி, அருப்புக்கோட்டை

கேள்வி நியாயமானது. ஆனால் இது நமக்குப் புதிய வழி இல்லை. சோழர் காலக் கல்வெட்டுகளில் கோயிலுக்கு நந்தா விளக்கு (அணையா விளக்கு) வைத்தவர்கள், பெரும்பாலும் ஒரு விளக்குக்கு 96 ஆடு என்று கொடுத்திருக்கிறார்கள். அதைப் பெற்றுக்கொண்ட இடையர் நாள்தோறும் உழக்கு நெய் அளக்க வேண்டும். கல்வெட்டு அந்த ஆடுகளை ‘சாவா மூவாப் பேராடு’ என்கிறது. செத்ததற்கும் கிழடு தட்டியதற்கும் ஈடாகக் குட்டிகள் வந்துகொண்டே இருப்பதால் மந்தையின் எண்ணிக்கை குறைவதில்லை. நிரந்தர நிதி என்பது இந்த மந்தைதான்.

இன்று மந்தையைக் குறைப்பது விலைவாசி. 50 லட்சம் நிரந்தர நிதி, 7 சதவீத வட்டி என்று வைத்துக்கொள்வோம். ஆண்டு வட்டி 3,50,000. வருமான வரி விதிப்படி வருமானத்தில் 85 சதவீதத்தை அந்த ஆண்டே அறக்காரியத்துக்குச் செலவிட வேண்டும். 15 சதவீதத்தை நிபந்தனையின்றி நிறுத்திக்கொள்ளலாம். ஆக 2,97,500 செலவுக்கு, 52,500 நிதிக்குத் திரும்புகிறது. விலைவாசி ஆண்டுக்கு 5 சதவீதம் ஏறினால், 50 லட்சம் தன் மதிப்பைக் காப்பாற்றிக்கொள்ள 2,50,000 கூட வேண்டும். 52,500 போக இன்னும் 1,97,500 குறைகிறது. அதாவது ஆண்டுக்கு ஏறக்குறைய 2 லட்சம் புதிய நிரந்தர நன்கொடை வராவிட்டால் நிதி சத்தமில்லாமல் தேய்கிறது. 20 வருடம் கழித்துப் பார்த்தால் பாஸ்புக்கில் தொகை குறைந்திருக்காது, ஆனால் அதன் வட்டியில் படிக்கவைக்கும் பிள்ளைகள் பாதிக்கும் கீழே போயிருப்பார்கள்.

ஆகவே இரண்டு பெட்டி வையுங்கள். ஒன்று நிரந்தர நிதி, மற்றது அந்த ஆண்டே செலவாகும் நடப்பு நிதி. இன்றைய ஃபீஸுக்கு நடப்பு நிதி. கொடுப்பவர் எந்தப் பெட்டி என்று எழுத்தில் சொல்ல வேண்டும். “இந்தத் தொகையை அறக்கட்டளையின் நிரந்தர நிதியில் சேர்க்கவும்” என்று ஒரு வரி, கீழே கையெழுத்து, தேதி. இந்த வரி இல்லாத நன்கொடையை வரித்துறை சாதாரண வருமானமாக எடுத்துக்கொள்ளும். 85 சதவீத விதி அதன்மீதும் பாயும். நிரந்தர நிதிக்குத் தனி வங்கிக் கணக்கு அல்லது தனி ஃபிக்ஸட் டெபாசிட் இருப்பது கட்டாயம் போலக் கருதுங்கள்.

ஊர் வழக்கப்படி அந்தப் பணத்தை ஊருக்குள் வட்டிக்கு விடக்கூடாது. சீட்டு, தனியார் நிதி நிறுவன டெபாசிட், அறங்காவலருக்குக் கைமாற்று, எதுவும் கூடாது. வங்கி டெபாசிட், அஞ்சலகச் சேமிப்பு, அரசுப் பத்திரம், மியூச்சுவல் ஃபண்ட், அசையாச் சொத்து என்று சட்டம் அனுமதித்த இடங்களில் மட்டும் போடலாம். மீறினால் அந்தப் பணத்துக்கு வரிவிலக்கு போகும்.

டிரஸ்ட் பத்திரத்தில் என்னென்ன எழுத வேண்டும்? ஆவண எழுத்தர் ஒரு மாதிரிப் பத்திரம் தந்திருக்கிறார். அதையே பதிந்துவிடலாமா?
– வாசகர், ஒட்டன்சத்திரம்

அப்படியே பதிய வேண்டாம். மாதிரிப் பத்திரங்கள் பெரும்பாலும் ஒரு குடும்பத்துக்காக எழுதப்பட்டவை. ‘நிறுவனர் ஆயுள்காலத் தலைவர், அவருக்குப் பின் அவர் மூத்த வாரிசு’ என்று ஒரு வரி எங்காவது இருக்கும். ஊர் அறக்கட்டளைக்கு அந்த வரி ஆகாது.

நோக்கத்தை ஊரோடு கட்டுங்கள், காரியத்தோடு கட்டாதீர்கள். ‘இன்ன வட்டத்தில் வாழும் மக்களின் கல்வி, மருத்துவம், வறுமை நீக்கம், சுற்றுச்சூழல், பொதுநலம்’ என்று அகலமாக இருக்கட்டும். ‘பத்தாம் வகுப்பு மாணவர்களுக்குத் தட்டச்சுப் பயிற்சி’ என்று 1980இல் எழுதியவர்களின் நிலையை நினைத்துப் பாருங்கள். கூடவே கோஃப் வைத்த விதி: “நன்கொடையாளர் குறிப்பிட்ட காரியம் தேவையற்றதாகவோ நடத்த முடியாததாகவோ ஆகிவிட்டால், அறங்காவலர் குழு மூன்றில் இரண்டு பங்குப் பெரும்பான்மையில், அதற்கு மிக நெருங்கிய வேறு காரியத்துக்கு அந்தத் தொகையைத் திருப்பலாம்.” தஞ்சை மராட்டியர் வழிப்போக்கருக்கென்று கட்டிய சத்திரங்களில் சில பிற்காலத்தில் மாணவர் விடுதியாகவும் பள்ளியாகவும் பயன்பட்டன. ஒரத்தநாட்டு முத்தம்பாள் சத்திரம் அதற்கு ஓர் எடுத்துக்காட்டு. காரியம் மாற இடம் இருந்ததால்தான் அது நடந்தது.

அறங்காவலர் 7 பேர் அல்லது 9 பேர், ஒற்றைப்படையில். ஒரே குடும்பத்திலிருந்து ஒருவருக்கு மேல் வேண்டாம். பதவிக்காலம் 3 ஆண்டு, தொடர்ந்து இரண்டு முறைக்கு மேல் இல்லை. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், மருத்துவர் அல்லது செவிலியர், கணக்குத் தெரிந்தவர், விவசாயி, பெண்கள் குறைந்தது மூவர், முப்பத்தைந்து வயதுக்குக் கீழே ஒருவர். வெளிநாட்டில் இருப்பவரை அறங்காவலராகப் போடும் ஆசையைக் கொஞ்சம் தள்ளிவையுங்கள். கேஒய்சி புதுப்பிக்க, கையெழுத்து மாற்ற, ஓடிபி சொல்ல என்று ஒவ்வொன்றுக்கும் வேலை நிற்கும். அவர்களை ஆலோசனைக் குழுவில் வைக்கலாம்.

வங்கிக் கையெழுத்து மூன்று பேர் பெயரில், எவரேனும் இருவர் சேர்ந்து போடும்படி. அறங்காவலருக்குச் சம்பளம் கிடையாது. அறங்காவலரின் நெருங்கிய உறவினர் விண்ணப்பித்தால் அந்த அறங்காவலர் அந்தக் கூட்டத்தில் வாக்களிக்கக் கூடாது. அறக்கட்டளை கலைந்தால் எஞ்சிய சொத்து அதே நோக்கமுள்ள, வரிப்பதிவு பெற்ற இன்னொரு அறக்கட்டளைக்குத்தான் போகும். யாருக்கும் பங்கு கிடையாது. இது இல்லாவிட்டால் வரித்துறை விண்ணப்பத்தைத் திருப்பும். இந்தப் பத்திரம் திரும்பப் பெற முடியாதது என்பதையும் எழுதுங்கள்.

பிறகு வரிசை இது: சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரப் பதிவு, அறக்கட்டளை பெயரில் பான், வங்கிக் கணக்கு, வருமான வரி இணையதளத்தில் படிவம் 10ஏ மூலம் 12ஏ, 80ஜி இரண்டுக்கும் தற்காலிகப் பதிவு. அது 3 ஆண்டுக்கு. வேலை தொடங்கிய 6 மாதத்துக்குள், அல்லது தற்காலிகப் பதிவு முடிய 6 மாதம் இருக்கும்போது, எது முந்துகிறதோ அதற்குள் படிவம் 10ஏபி போட்டு முறையான பதிவு வாங்க வேண்டும். இந்த ‘எது முந்துகிறதோ’ என்பதைத்தான் பலர் கவனிப்பதில்லை. 3 ஆண்டு இருக்கிறதே என்று உட்கார்ந்துவிடுகிறார்கள்.

ஊர் நிதியிலிருந்து கோயில் கும்பாபிஷேகத்துக்குக் கொடுக்கலாமா? எங்கள் சமூகப் பிள்ளைகளுக்கு மட்டும் உதவித்தொகை என்று வைக்கலாமா?
– வாசகர், தேனி மாவட்டம்

80ஜி பெற்ற அறக்கட்டளை, மத சம்பந்தமான செலவை அந்த ஆண்டு மொத்த வருமானத்தில் 5 சதவீதத்துக்குள் நிறுத்த வேண்டும். வருமானம் 6 லட்சம் என்றால் 30,000. கும்பாபிஷேகத்துக்குத் தனியாக வசூல் செய்யுங்கள். இந்தப் பெட்டியைத் தொடாதீர்கள்.

ஒரு குறிப்பிட்ட சாதிக்கோ மதத்துக்கோ மட்டும் என்று வைத்தால் 80ஜி கிடைக்காது. பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், பெண்கள், குழந்தைகள் ஆகியோருக்கென்று நடத்துவதைச் சட்டம் அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. சட்டம் ஒருபுறம் இருக்க, ஊர் அறக்கட்டளை என்று பெயர் வைத்துவிட்டு ஒரு தெருவோடு நிறுத்தினால் அது ஊருடையது ஆகாது. ஊரின் எல்லாத் தெருவிலிருந்தும் அறங்காவலர் இருக்கிறார்களா என்பதை முதல் கூட்டத்திலேயே பாருங்கள்.

80ஜி ரசீது கொடுத்தும் வரிக்கழிவு வரவில்லை என்று நன்கொடையாளர்கள் சண்டைக்கு வருகிறார்கள். எங்கே தவறு?
– ஓர் அறக்கட்டளைப் பொருளாளர், ஈரோடு மாவட்டம்

பெரும்பாலும் நான்கு இடங்களில் ஏதோ ஒன்றாக இருக்கும். முதலாவது, அவர் புதிய வரி முறையைத் தேர்ந்திருப்பார். அதில் 80ஜி கழிவே இல்லை. பழைய முறையில் மட்டும் உண்டு. இரண்டாவது, ரொக்கமாகக் கொடுத்திருப்பார். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கம் என்றால் கழிவு கிடையாது. மூன்றாவது, அரிசி, கம்ப்யூட்டர், புத்தகம் என்று பொருளாகக் கொடுத்திருப்பார். பொருளுக்குக் கழிவு இல்லை.

நான்காவது உங்கள் பக்கம். கழிவுக்கு ஆதாரம் நீங்கள் அச்சடித்த ரசீது இல்லை, படிவம் 10பிஇ சான்று. நிதியாண்டு முடிந்ததும் மே 31க்குள் நன்கொடையாளர் பட்டியலைப் படிவம் 10பிடியில் ஏற்றினால்தான் அந்தச் சான்று இணையதளத்தில் உருவாகும். தாமதித்தால் நாளொன்றுக்கு 200 ரூபாய் கட்டணம். பட்டியலுக்குப் பெயர், முகவரி, பான் அல்லது ஆதார் எண், தொகை, கொடுத்த விதம் எல்லாம் வேண்டும். மே மாதக் கடைசியில் ஒவ்வொருவருக்கும் போன் போட்டு பான் கேட்பதால்தான் பிழைகள் வருகின்றன. எண்ணில் ஓர் எழுத்து மாறினாலும் சான்று வேறொருவர் பேரில் போய் நிற்கும். ரசீது எழுதும் அந்த நிமிடத்திலேயே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

நன்கொடையாளருக்குக் கணக்கையும் சொல்லிவிடுங்கள். 20,000 கொடுத்தால் பாதி, 10,000 கழிவு. அதுவும் அவருடைய சரிசெய்த மொத்த வருமானத்தில் 10 சதவீத உச்சவரம்புக்கு உட்பட்டது. 20 சதவீத வரிப் படியில் இருப்பவருக்கு, செஸ் சேர்த்து 2,080 ரூபாய் மிச்சம். 20,000மும் திரும்பி வரும் என்று நினைத்துக் கொடுப்பவர் மறு வருடம் கொடுக்க மாட்டார்.

செயலாளரின் சொந்த ஜிபே எண்ணில் வசூல் செய்யும் பழக்கம் உங்கள் பக்கம் இருந்தால் இன்றே நிறுத்துங்கள். அறக்கட்டளைக் கணக்குக்கே யுபிஐ கியூஆர் அட்டை வங்கியில் கிடைக்கும். உண்டியல் வைத்தால், பெயரில்லாத நன்கொடை 1 லட்சம் ரூபாய் அல்லது மொத்த நன்கொடையில் 5 சதவீதம், இரண்டில் எது அதிகமோ அதைத் தாண்டிய தொகைக்கு 30 சதவீத வரி உண்டு.

துபாயிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் ஊர்க்காரர்கள் பணம் அனுப்பத் தயார். எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு இல்லாமல் வாங்கலாமா?
– வாசகர், அறந்தாங்கி

அனுப்புபவரின் பாஸ்போர்ட்டைப் பாருங்கள், அவர் இருக்கும் நாட்டைப் பார்க்க வேண்டாம். இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவர் துபாயில் இருந்தாலும் தன் சொந்தச் சம்பாத்தியத்திலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டுப் பங்களிப்பு ஆகாது. சாதாரணக் கணக்கிலேயே வாங்கலாம். பாஸ்போர்ட் நகல் ஒன்றை ரசீதோடு சேர்த்து வையுங்கள். சிங்கப்பூர்க் குடியுரிமை வாங்கியவர், ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தருவது) வைத்திருந்தாலும், வெளிநாட்டவர்தான். அவரிடம் 1,000 ரூபாய் வாங்கவும் எஃப்சிஆர்ஏ பதிவு அல்லது முன்அனுமதி வேண்டும். அங்குள்ள ஊர்ச் சங்கத்தின் பெயரில் வரும் பணமும் அப்படியே.

எஃப்சிஆர்ஏ பதிவுக்கு அறக்கட்டளை 3 ஆண்டு நடந்திருக்க வேண்டும். அந்த 3 ஆண்டில் 15 லட்சம் ரூபாய் நோக்கத்துக்காகச் செலவழித்திருக்க வேண்டும். கிடைத்தால் பணம் புது டில்லி ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளையில் தொடங்கும் கணக்குக்குத்தான் முதலில் வரும். நிர்வாகச் செலவு 20 சதவீதத்துக்குள். 2020 திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பணத்தை வேறு அமைப்புக்குக் கைமாற்றவும் முடியாது. ஊர் அறக்கட்டளையின் வேலையே பல அமைப்புகளுக்குப் பிரித்துக் கொடுப்பது என்பதால் இது பெரிய முட்டுக்கட்டை. எங்கள் யோசனை: முதல் ஐந்து வருடம் உள்நாட்டுப் பணம், இந்திய பாஸ்போர்ட்காரர் பணம், இவற்றோடு நில்லுங்கள்.

வட்டி வந்துவிட்டது. யாருக்குக் கொடுப்பது? எல்லோரும் சொல்வது நோட்டுப் புத்தகம், ஸ்கூல் பேக், இனிப்பு!
– வாசகி, மன்னார்குடி

முதலில் அரசு ஏற்கெனவே எதைக் கொடுக்கிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள். அரசுப் பள்ளிப் பிள்ளைக்குப் பாடநூல், நோட்டு, புத்தகப் பை, சீருடை, பஸ் பாஸ், மதிய உணவு உண்டு. தொடக்கப் பள்ளியில் 2022 செப்டம்பர் முதல் காலை உணவும் வருகிறது. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி போகும் பெண்ணுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000, பையனுக்கு 2024 ஆகஸ்ட் முதல் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் 1,000. அரசுப் பள்ளி மாணவருக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் பொறியியலோ மருத்துவமோ கிடைத்தவருக்குக் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. முதலமைச்சர் காப்பீட்டில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை சிகிச்சை.

இனி அந்தத் தாளில் எது இல்லை என்று பாருங்கள். ஒதுக்கீடு கிடைக்காமல் பாலிடெக்னிக்கோ நர்சிங்கோ சேர்ந்த பிள்ளையின் மெஸ் பணம். கவுன்சலிங் முடிந்து ஒரு வாரத்துக்குள் கட்டச் சொல்லும் முதல் தவணை. இதற்காகத்தான் தாய்மார் தோட்டை அடகு வைக்கிறார்கள். காப்பீட்டில் அறுவைசிகிச்சை நடந்துவிடும், ஆனால் மதுரைக்கும் தஞ்சாவூருக்கும் போய்வரும் வாகனச் செலவு, கூட இருப்பவரின் சாப்பாடு, அந்த நாள்களில் இழந்த கூலி எதிலும் வராது. டயாலிசிஸுக்கு வாரம் இரண்டு மூன்று முறை போகிறவருக்கு சிகிச்சை இலவசம், ஆட்டோ இலவசம் இல்லை. பள்ளிக் கழிப்பறை கட்டப் பணம் கிடைக்கும், அதைத் தினமும் கழுவ ஆள் இருக்காது. மனநோய் மாத்திரை, தனியாக இருக்கும் முதியவருக்கு ஒருவேளைச் சாப்பாடு... ஊர் நிதியின் இடம் இந்த இடைவெளிதான்.

இதைக் கண்டுபிடிக்க ஆண்டுக்கு ஒருமுறை, மார்ச்சில், ஆறு பேரிடம் உட்கார்ந்து பேசினால் போதும்: ஆரம்ப சுகாதார நிலைய செவிலியர், அங்கன்வாடிப் பணியாளர், தலைமையாசிரியர், ஊராட்சிச் செயலர், மகளிர் குழுத் தலைவி, மருந்துக்கடைக்காரர். மருந்துக்கடைக்காரருக்கு யார் பாதி மாத்திரை வாங்கிப் போகிறார் என்று தெரியும்.

உதவித்தொகையைப் பிள்ளையின் கையில் கொடுக்காமல் கல்லூரிக் கணக்கில் நேராகக் கட்டுங்கள்; மெஸ், பஸ் செலவு மட்டும் மாணவரின் வங்கிக் கணக்குக்கு. ஒருவருக்குத் தொடங்கினால் படிப்பு முடியும்வரை கொடுப்பதாகக் கணக்கிட்டுத் தொடங்குங்கள். நான்கு வருடப் படிப்புக்கு ஆண்டுக்கு 25,000 என்றால் ஒரு பிள்ளைக்கு 1 லட்சம். ஆண்டு வருமானம் 3 லட்சத்தில் முதல் வருடமே பன்னிரண்டு பேரைச் சேர்த்தால், இரண்டாம் வருடம் புதிதாக ஒருவரைக்கூட எடுக்க முடியாது. முதல் வருடம் மூவர், பிறகு வருடத்துக்கு மூவர் என்று போனால் நான்காம் வருடம் பன்னிருவர், 3 லட்சம், சரியாக நிற்கும். டெபாசிட்டின் வட்டி ஜூன், ஜூலையில் கைக்கு வரும்படி காலாண்டு வட்டித் திட்டத்தில் போடுங்கள். டிசம்பரில் முதிரும் டெபாசிட் ஃபீஸ் கட்ட உதவாது.

மேடை போட்டு, பிள்ளையை நிற்கவைத்து, காசோலையோடு படம் எடுப்பது வேண்டவே வேண்டாம். அந்தப் பிள்ளை அதே ஊரில்தான் நாளையும் நடமாட வேண்டும். எத்தனை பேருக்கு, எதற்கு, எவ்வளவு என்ற கணக்கை மட்டும் அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். பெயர்கள் தீர்மான நோட்டில் இருந்தால் போதும்.

குளம், சாலை, பள்ளிக் கட்டடம் போன்ற பெரிய வேலைக்குத் தனியாக முழுப் பணமும் போடாதீர்கள். நமக்கு நாமே திட்டத்தில் பொதுமக்கள் பங்கு பொதுவாக மூன்றில் ஒன்று இருந்தால் மீதியை அரசு சேர்க்கிறது. நீர்நிலை வேலைகளுக்குப் பங்கு கூடுதல். ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் கேளுங்கள்.

என் அம்மா பேரில் 5 லட்சம் தர நினைக்கிறேன். தனி டிரஸ்ட் வேண்டாம் என்கிறீர்கள். அம்மா பெயர் நிற்குமா?
– வாசகி, கோவை

நிற்கும். நல்ல ஊர் அறக்கட்டளைகள் எல்லாம் ‘பெயர் நிதி’ முறையில்தான் வளர்ந்தன. அறக்கட்டளையோடு ஒரு பக்கத்தில் உடன்பாடு எழுதிக்கொள்ளுங்கள். நிதியின் பெயர், நிரந்தரமா நடப்பா, முதல் விருப்பம் (உங்கள் கணக்கில் செவிலியர் படிப்பு என்று வையுங்கள்), அது முடியாவிட்டால் இரண்டாம் விருப்பம், நிர்வாகச் செலவுக்கு வருமானத்தில் எத்தனை சதவீதம், வருடா வருடம் எந்த மாதத்தில் உங்களுக்குக் கணக்கு வரும், உங்களுக்குப் பின் யாரிடம் தெரிவிக்க வேண்டும். 7 சதவீதத்தில் 5 லட்சத்துக்கு 35,000 வட்டி. 15 சதவீதம் நிறுத்தினால் 29,750. ஒரு பிள்ளையின் ஓர் ஆண்டு விடுதிச் செலவில் நல்ல பங்கு.

ஒன்றை ஏற்றுக்கொள்ள வேண்டும். நீங்கள் ஆலோசனை சொல்லலாம், கட்டளையிட முடியாது. ‘என் அண்ணன் மகளுக்குக் கொடுங்கள்’ என்று ஆள் பெயரைச் சொன்னால் அறக்கட்டளை மறுக்க வேண்டும். மறுக்காத அறக்கட்டளையில் பணம் போடாதீர்கள்.

மழை வெள்ளம் வந்தால் ஊர் நிதி என்ன செய்ய வேண்டும்?
– வாசகர், திருச்செந்தூர்

2023 டிசம்பர் 17, 18இல் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறக்குறைய 95 செ.மீ. மழை கொட்டியது உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. முதல் வாரத்தில் சோறும் போர்வையும் எல்லாத் திசையிலிருந்தும் வந்துவிடும். மூன்றாவது வாரம் லாரிகள் நின்றுவிடும். ஊர் நிதி அப்போதுதான் வேலை செய்ய வேண்டும்: மூழ்கிய மோட்டாருக்குக் காயில் கட்டுவது, தையல் மெஷின், இட்லிக் கடையின் கிரைண்டர், கிணறு இறைத்துச் சுத்தம் செய்வது, நனைந்துபோன சான்றிதழுக்கு நகல் வாங்க விண்ணப்பம் எழுதிக் கொடுத்து அலைந்து வாங்கித் தருவது. கையில் இருப்பதில் முதல் பத்து நாளுக்கு 40 சதவீதத்துக்கு மேல் செலவழிக்காதீர்கள் என்போம். 2018 நவம்பர் 16 கஜா புயலில் விழுந்த தென்னைக்குப் பதிலாக வைத்த நெட்டைக் கன்று காய்க்க 5 முதல் 7 வருடம். அந்த இடைக்காலம் முழுக்க அந்த வீட்டுப் பிள்ளை படித்தாக வேண்டும்.

நிரந்தர நிதியை உடைக்கக் கூடாது. அதனால் நடப்பு நிதியில் ஓர் அவசரத் தொகையை எப்போதும் வையுங்கள். தலைவரும் பொருளாளரும் சேர்ந்து கூட்டம் கூட்டாமலே எத்தனை ரூபாய் வரை விடுவிக்கலாம் என்று முன்கூட்டியே தீர்மானம் போட்டிருங்கள். வெள்ளத்தில் கூட்டத்துக்கு வேண்டிய குறைந்தபட்ச ஆள் (கோரம்) சேராது.

நாங்கள் ஸ்காபரோவில் இருக்கிறோம். ஊருக்கு அனுப்புவது ஒருபுறம், இங்கே வாழும் ஊருக்கும் அப்பா பேரில் ஏதாவது செய்யலாமா?
– வாசகர், கனடா

செய்யலாம், அங்கே வழி நன்றாகத் திறந்திருக்கிறது. கனடாவின் ஊர் அறக்கட்டளைகளில் பெயர் நிதி தொடங்க உடன்பாட்டுத் தாள் தயாராகவே இருக்கும். நன்கொடைக்கு வரி ரசீது கொடுத்த நாளிலேயே கிடைக்கும்; எந்த அமைப்புக்கு என்று பிறகு நிதானமாகச் சொல்லலாம். அங்குள்ள அறநிறுவனங்கள் தாம் நேரடியாகப் பயன்படுத்தாத சொத்தில் முதல் 10 லட்சம் டாலருக்கு 3.5 சதவீதமும், அதற்கு மேல் 5 சதவீதமும் ஆண்டுதோறும் செலவிட வேண்டும் என்பது விதி. ஆகவே பணம் தூங்காது. கட்டணம் எத்தனை சதவீதம், குறைந்தபட்சத் தொகை எவ்வளவு என்று இரண்டு மூன்று இடங்களில் கேட்டு ஒப்பிடுங்கள். சிறு தொகைகள் சேர்ந்து நிரந்தர நிதியாவதை உங்கள் பகுதியே செய்து காட்டியிருக்கிறது. டொராண்டோ பல்கலைக்கழகத்தின் ஸ்காபரோ வளாகத் தமிழ் இருக்கைக்கு 30 லட்சம் டாலர் 2021இல் நிறைந்தது.

பக்கத்து நகரத்துக் கம்பெனியின் சிஎஸ்ஆர் (கம்பெனிகள் சமூகப் பணிக்கு ஒதுக்கும்) பணத்தை நிரந்தர நிதியில் சேர்க்கலாமா?
– வாசகர், ஓசூர்

முடியாது. 2021 ஜனவரித் திருத்தத்துக்குப் பிறகு நிரந்தர நிதிக்குக் கொடுப்பது சிஎஸ்ஆர் செலவாகாது. ஒரு குறிப்பிட்ட வேலைக்கு, கால அளவோடு, வாங்கலாம். அதற்கு 12ஏ, 80ஜி, மூன்றாண்டு அனுபவம், கம்பெனி விவகார அமைச்சகத்தில் பதிந்து பெறும் சிஎஸ்ஆர்-1 எண் வேண்டும்.

எங்கள் ஊர் டிரஸ்ட் பதினைந்து வருடம் பழையது. செயலாளர் கணக்குக் காட்டுவதில்லை. மற்ற அறங்காவலர்களில் இருவர் காலமாகிவிட்டார்கள். என்ன செய்வது?
– வாசகர், விருத்தாசலம்

முதலில் பதிவு உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். 12ஏ பெற்ற அறக்கட்டளைகளின் பட்டியல் வருமான வரி இணையதளத்தில் இருக்கிறது. அறக்கட்டளையின் பான் எண்ணைப் போட்டால் எந்தத் தேதிவரை செல்லும் என்று தெரியும். 2021க்கு முன் வாங்கிய பழைய பதிவு தானாகத் தொடராது. மறுபதிவு செய்திருக்க வேண்டும். முறையான பதிவு 5 ஆண்டுக்கு. முந்தைய இரண்டு ஆண்டுகளிலும் வருமானம் 5 கோடிக்குள் இருந்த அறக்கட்டளைக்கு 2025 ஏப்ரலுக்குப் பின் போடும் விண்ணப்பத்தில் 10 ஆண்டு. புதுப்பிக்கத் தவறினால் வட்டிக்கு மட்டும் வரி வரும் என்று நினைக்க வேண்டாம். கடன் போக மிஞ்சும் சொத்தின் சந்தை மதிப்பு முழுவதற்கும் உச்ச விகிதத்தில் வரி விதிக்க 2023 திருத்தம் வழி செய்திருக்கிறது. தாமதத்தைப் பொறுக்கக் கேட்டு மனுச் செய்யலாம். அதை இந்த மாதமே செய்யுங்கள்.

அடுத்து, சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரத்தின் சான்றிட்ட நகல் வாங்குங்கள். காலியான இடத்தை நிரப்பும் முறை அதில் இருக்கும். எஞ்சியவர்கள் அதன்படி அறிவிப்புக் கொடுத்துக் கூட்டம் கூட்டி, இறந்தவர்களின் இடத்தை நிரப்பி, தீர்மானத்தின் நகலோடு வங்கியில் கையெழுத்தை மாற்றுங்கள். இணையதளக் கடவுச்சொல்லும் பதிவான கைபேசி எண்ணும் யாரிடம் என்று பாருங்கள்; பழைய ஆடிட்டர் அலுவலகத்தின் எண்ணாகக்கூட இருக்கும். அதை அறக்கட்டளை எண்ணுக்கு மாற்றாமல் எந்த நோட்டீஸும் உங்கள் கண்ணுக்கு வராது.

செயலாளர் அப்போதும் நோட்டைத் தராவிட்டால், ஸ்பீட் போஸ்ட்டில் 15 நாள் அவகாசம் கொடுத்துக் கணக்குக் கேளுங்கள். அதன் பிறகு உரிமையியல் நடைமுறைச் சட்டம் பிரிவு 92. அந்த அறக்கட்டளையில் அக்கறையுள்ள இருவர் சேர்ந்து, நீதிமன்ற அனுமதி பெற்று, மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குப் போடலாம். அறங்காவலரை நீக்கவும், புதியவரை நியமிக்கவும், கணக்கு ஒப்படைக்கவும், நிர்வாகத் திட்டம் வகுக்கவும் நீதிமன்றம் உத்தரவிடலாம். நீங்கள் அறங்காவலராக இருக்க வேண்டியதில்லை. அந்த நிதியில் பயன்பெறும் ஊர்க்காரர் என்பதே போதிய அக்கறை. அனுமதி மனுவோடு பத்திர நகல், அனுப்பிய தபால் சேர்ந்ததற்கான ஒப்புகை, கிடைத்த வங்கி விவரங்கள் மூன்றையும் இணையுங்கள்.